36 வோல்ட் சைக்கிளை 48 ஆக்கலாமா? முதலில் மாற்ற வேண்டியது எது?

கேள்வி: மேடவாக்கத்திலிருந்து தரமணிக்கு வேலைக்குப் போய்வர மலிவு விலையில் ஒரு மின்சார சைக்கிள் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர் பேட்டரி. பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார். போக வர 22 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். த்ராட்டிலிலேயே போனால் 18 தாண்டுவதில்லை. 48 வோல்ட் பேட்டரியும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரும் போட்டுவிடலாமா? வேறு என்னென்ன மாற்றலாம், எந்த வரிசையில்?

பதில்:

48 வோல்ட் வேண்டாம். அந்தப் பணத்தில் பிரேக், டயர், இதே 36 வோல்ட்டில் இன்னொரு பேட்டரி என்று மூன்றையும் முடித்துவிடலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 18 கிலோமீட்டரைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் சைக்கிள் அநேகமாகக் கெட்டுப்போகவில்லை.

பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 36 × 7.8 என்றால் சுமார் 280 வாட்-அவர். அதில் நிஜமாகக் கைக்கு வருவது 250 அளவு. பெடல் போடாமல் த்ராட்டிலை முழுக்கத் திருகி, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பினால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-அவர் தின்னும். 250ஐ 14ஆல் வகுத்தால் 18. உங்களுக்குக் கிடைப்பது அதே எண். பெடல் அசிஸ்ட்டில், அதாவது மிதிக்கும்போது மோட்டார் துணைக்கு வரும் முறையில், நடுத்தர நிலையில் வைத்து நீங்களும் மிதித்தால் 7 முதல் 9 வாட்-அவர்தான் ஆகும். அதே பேட்டரி 30 கிலோமீட்டர் போகும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 40 என்பது மிகக் குறைந்த அசிஸ்ட்டில், சமதளத்தில், எடை குறைந்த ஆள் மிதித்தால் வருவது. வேகமும் முக்கியம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் காற்றைக் கிழிக்க ஆகும் செலவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 25லிருந்து 20க்கு இறங்கினால் அந்தப் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பிவிட்டால் கிழக்கே பார்த்துப் போகிறவருக்கு 20 கிலோமீட்டர் வேகமே 30 போலத்தான் செலவு வைக்கும்.

இருந்தாலும் கணக்கை மட்டும் நம்பாமல் அளந்துவிடுங்கள். ரிச்சி தெருவில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினால் போதும். உங்கள் பேட்டரிக்குள் பத்து செல் வரிசையாகக் கோத்திருக்கும். செல்லுக்கு 4.2 வோல்ட் வீதம் முழு சார்ஜில் 42 வோல்ட். சார்ஜரைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 41.5க்குக் குறையக் கூடாது. சும்மா வைத்திருக்கும்போது 40 என்றால் ஏறக்குறைய 80 சதவீதம், 38 என்றால் பாதிக்குச் சற்று மேல், 36 என்றால் கால் பங்கு, 35 வந்துவிட்டால் வீடு போய்ச் சேரும் வழியைப் பார்க்க வேண்டும். டிஸ்ப்ளேயில் தெரியும் ஐந்து கோடுகளை நம்பாதீர்கள். மேடு ஏறும்போது இரண்டாகி, சமதளம் வந்ததும் நான்காகும் கோட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பச்சை விளக்கு எரிந்தும் 40.5 தான் காட்டுகிறதா? செல் வரிசைகளில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிட முன்னே ஓடுகிறது என்று பொருள். அது 4.2 வோல்ட்டைத் தாண்டியதும் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் பலகை மொத்த சார்ஜையும் நிறுத்திவிடும், மற்றவை அரைகுறையாக நிற்கும். சார்ஜரை மாட்டியபடியே, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், பச்சை வந்த பிறகும் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். இந்தப் பலகைகள் சமன்செய்யும் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்பதால் ஒரே நாளில் சரியாகாது. நான்கைந்து முறை இப்படிச் செய்து அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் வாரண்டியில் கொடுங்கள். நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்தால் வாரண்டி போய்விடும். அதோடு உள்ளே இருக்கும் நிக்கல் பட்டைகளில் ஸ்க்ரூடிரைவர் பட்டால் நொடியில் தீப்பொறி.

அடுத்து, ஓடும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் வோல்ட்டைக் காட்ட வழி இருக்கிறது. நின்ற நிலையில் 40 காட்டி, முழு த்ராட்டிலில் 38க்கு இறங்கினால் இயல்பு. 35க்குக் குதித்து இறங்கினால் செல் தளர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி உட்காரும் இடத்தில் பித்தளை முனைகள் கருத்துப்போயிருக்கின்றன. முனையைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் அங்கே மட்டும் சூடு தெரிந்தால் குற்றவாளி அதுதான். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பின் மாட்டுங்கள். கடலோரம் குடியிருப்பவர்கள், திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் இருப்பவர்கள், இதை மாதம் ஒருமுறை செய்தே ஆக வேண்டும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூக்க இரண்டு மாதம் போதும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பாருங்கள். டிஸ்க் உரசும் சத்தம் கேட்டால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் மின்சாரம் பிரேக் பேடில் கரைகிறது. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, பிரேக் லீவரைப் பிடித்தபடியே மீண்டும் இறுக்கினால் பெரும்பாலும் நடுவில் வந்து உட்காரும்.

சரி, 48 வோல்ட். மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்தது. 36இல் 25 போகும் மோட்டார் 48இல் 33 போகும். ஆசை வருவது இதனால்தான். ஆனால் வோல்ட் கூடியதால் மட்டும் தூரம் கூடாது. வாட்-அவர் கூடினால்தான் கூடும். அதையும் கூடுதல் வேகமே தின்றுவிடும். 36 வோல்ட்டுக்கென்று செய்த பல கண்ட்ரோலர்களில் உள்ள கப்பாசிட்டர்கள் 50 வோல்ட் வரைதான் தாங்கும். 48 வோல்ட் பேட்டரி என்று சொல்வது பதின்மூன்று செல் வரிசை. முழு சார்ஜில் 54.6 வோல்ட் நிற்கும். மாட்டிய அன்றே வெடிக்காமல், பத்து நாள் கழித்து நடுரோட்டில் போகலாம். கண்ட்ரோலரை மாற்றினால் டிஸ்ப்ளேயையும் மாற்ற வேண்டிவரும், ஏனென்றால் இரண்டும் ஒரே மொழியில் பேசினால்தான் வேலை செய்யும். மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் நைலான். மே மாத வெயிலில், ஏற்கெனவே சூடான மோட்டாரில், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பவரைக் கொடுத்தால் பற்கள் இளகித் தேய்ந்து கரகரவென்ற சத்தத்தோடு நின்றுவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிது பிரேக்கும் சட்டமும். 25லிருந்து 33க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் சுமார் 1.75 மடங்கு ஆகிறது. சைக்கிளின் பிரேக் அதே 160 மில்லிமீட்டர் டிஸ்க்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் கீழும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல; பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. நல்ல பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆகியவையும் அதே விதி கேட்பவை. வேகத்தைக் கூட்டினால் நீங்கள் பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுகிறீர்கள். யார் மீதாவது இடித்துவிட்டால் முழு இழப்பீடும் உங்கள் தலையில்தான் விழும். வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம்.

கண்ட்ரோலரில் மின்னோட்டத்தை அளக்க வைத்திருக்கும் ஷண்ட் கம்பிமேல் ஈயம் வைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வேண்டாம். உங்கள் பேட்டரியில் அந்தப் பத்தில் ஒவ்வொரு இடத்திலும் மூன்று செல் பக்கவாட்டில் சேர்ந்திருக்கும். 15 ஆம்பியர் இழுக்கும்போதே ஒரு செல்லுக்கு 5 ஆம்பியர். மலிவு செல்லுக்கு அதுவே நல்ல வேலை. 20 ஆக்கினால் செல் சூடேறும், பிஎம்எஸ் பாதியில் அணைக்கும், பேட்டரி ஆயுள் கண்ணெதிரே குறையும். உண்மையில் எதிர்த்திசையில் போவதுதான் உங்களுக்கு லாபம். உங்களுடையது எஸ்866 வகை டிஸ்ப்ளே என்றால் கூட்டல், கழித்தல் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பி01, பி02 என்று அமைப்புகள் வரும். பி06 சக்கர அளவு. அது தவறாக இருந்தால் கிலோமீட்டர் கணக்கே பொய். பி14 ஆம்பியர் வரம்பு. 12 இருந்தால் 10க்குக் குறைத்துப் பாருங்கள்; கிளம்பும்போது சற்று மந்தமாக இருக்கும், தூரம் கூடும். பி08 வேக வரம்பு; அதைத் தொடாதீர்கள். மாற்றுவதற்கு முன் எல்லா எண்களையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செலவு செய்ய வேண்டிய வரிசை. முதலில் டயர், அதிலும் முதலில் காற்று. சைக்கிள் டியூப் சும்மா நின்றாலே காற்றை விடும். டயரின் பக்கச்சுவரில் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும். உங்கள் எடை 70க்கு மேல் என்றால் பின்சக்கரத்தில் அந்த எண்ணுக்குச் சற்றுக் கீழே வைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பைக்கில் இருக்கும் அதே வால்வு இதிலும் இருந்தால் பெட்ரோல் பங்க்கில் அடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூப்பில் காற்றுக் கொள்ளளவு குறைவு, சட்டென்று ஏறிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். முள்முள்ளாக இருக்கும் மலைப்பாதை டயர் தார் ரோட்டுக்குத் தேவையில்லை. தேயும்போது 26 × 1.75 அளவில் நடுப்பகுதி வழவழப்பான டயர் போட்டால் சத்தமும் குறையும், செலவும் குறையும். கூடவே பின்சக்கரத்தில் டியூப்புக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பஞ்சர் தடுப்புப் பட்டை வையுங்கள். ஏனென்றால் பின்சக்கரப் பஞ்சர்தான் இந்த வண்டிகளின் பெரிய தலைவலி.

பஞ்சர் கடையில் மோட்டார் சக்கரத்தைக் கழற்றத் தெரியாமல் ஒயரோடு இழுத்துவிடுவார்கள். அச்சுக்குள் நுழையும் இடத்தில் ஒயர் அறுந்தால் மோட்டாரையே பிரிக்க வேண்டும். அதனால் சக்கரத்தைக் கழற்றவே விடாதீர்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். டியூப்பையே மாற்ற வேண்டும் என்றால்தான் கழற்ற வேண்டும். அப்போது முதலில் சங்கிலிப் பக்கக் குழாயை ஒட்டி வரும் ஒன்பது முனை கனெக்டரைப் பிரியுங்கள். முறுக்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது இரு பக்கமும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் வர வேண்டும். அச்சு நட்டுக்கு 18 மில்லிமீட்டர் ஸ்பேனர், சிலவற்றில் 19. நட்டுக்கு அடியில் உள்ள கொக்கி வாஷர் ஃப்ரேமின் துளையில் உட்கார்ந்தால்தான் அச்சு சுழலாமல் நிற்கும். அதை விட்டுவிட்டுப் பூட்டினால் முதல் வேக எடுப்பிலேயே அச்சு திரும்பி ஒயரை முறுக்கி அறுத்துவிடும். ஸ்பேனரில் 35 முதல் 40 நியூட்டன்-மீட்டர் அளவு, அதாவது நீளமான ஸ்பேனரில் கையால் நன்றாக அழுத்தி இறுக்க வேண்டும்.

இரண்டாவது பிரேக். கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கே போதும், ஆனால் பேடும் கேபிளும் நல்லதாக இருக்க வேண்டும். பேடின் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் சேறும் மணலும் சேர்ந்து அரைப்பதால் சீக்கிரம் தேயும். லீவர் கைப்பிடியைத் தொடுகிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் மாற்றுவதென்றால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள லீவர்களாகவே வாங்குங்கள். அது இல்லாமல் பிரேக் பிடித்தால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் நின்ற பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளும். நெரிசலில் அந்த ஒரு கணம்தான் முன்னால் நிற்கும் ஆட்டோவின் பம்பர்.

மூன்றாவதுதான் பேட்டரி. அலுவலகத்தில் சார்ஜ் போட அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டென்றால் இன்னொரு சார்ஜர் மட்டும் போதும், பேட்டரிச் செலவே மிச்சம். ஒரு முழு சார்ஜுக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அனுமதி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் அதே அளவுப் பேட்டரி ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; ஒன்று தீர்ந்ததும் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒயரால் இணைக்காதீர்கள். ஒன்று 41, இன்னொன்று 36 வோல்ட்டில் இருக்கும்போது இணைத்தால் நிறைந்ததிலிருந்து காலியானதுக்கு மின்சாரம் அணை திறந்ததுபோல் பாயும். இடையில் தடுக்க எதுவுமில்லை.

வெளியில் பெரிய பேட்டரி செய்து வாங்குவதென்றால், 36 வோல்ட் 15 ஆம்பியர்-அவர் என்பது 2.6 ஆம்பியர்-அவர் செல் அறுபது. எடை நான்கு கிலோவுக்குள் அடங்கும். செய்பவரிடம் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். செல் புதியதா, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்ததா? ஒன்றைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். 18650 என்ற அளவு உருளைச் செல் நல்லதென்றால் 44 முதல் 49 கிராம் இருக்கும், 35 கிராம் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். செல்களை ஸ்பாட் வெல்டிங் செய்கிறாரா, நேராக ஈயம் வைத்துப் பற்றவைக்கிறாரா? பின்னதில் சூடு செல்லுக்குள் போய் அதைக் கெடுக்கும். பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா? ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, அரத்தால் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டால் இரும்பு துருப்பிடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிளஸ் முனைகளில் காப்புத்தாள் வளையம், செல்களுக்குப் பிளாஸ்டிக் ஹோல்டர், வெப்பத்தை உணரும் கம்பியோடு 20 அல்லது 25 ஆம்பியர் பிஎம்எஸ், வெளியே 25 ஆம்பியர் ஃபியூஸ், எக்ஸ்டி60 கனெக்டர், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர். இவற்றில் ஒன்றை விட்டாலும் விலை குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 36 வோல்ட்டுக்கு 42, 48 வோல்ட்டுக்கு 54.6, பன்னிரண்டு செல் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகைக்கு 43.8 வோல்ட் என்று சார்ஜர்கள் வேறு. ஆனால் முனை பெரும்பாலும் ஒரே உருண்டைப் பின். தவறானது அழகாகப் பொருந்தும். சார்ஜர் மேலும் பேட்டரி மேலும் வோல்ட்டை மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள். வெயிலில் வந்ததும் சார்ஜ் போடாமல், நிழலில் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அடுக்குமாடியில் படிக்கட்டுக்கு அடியிலோ வாசல் கதவுக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழி அதுவாக இருக்கும். தினமும் 80, 90 சதவீதத்தில் நிறுத்தலாம். மாதம் இரண்டு முறை முழுதாக ஏற்றினால்தான் செல்கள் சமனாகும். ஊருக்குப் போனால் 38 வோல்ட் அளவில் வைத்துவிட்டுப் போங்கள், காலியாக அல்ல.

திடீரென்று ஓடாமல் நின்றால் மெக்கானிக்கிடம் தள்ளிப்போகும் முன் பிரேக் லீவரின் கட்-ஆஃப் ஒயரைப் பிரித்துப் பாருங்கள். சுவிட்ச் சிக்கிக்கொண்டால் கண்ட்ரோலர் பிரேக் பிடித்திருக்கிறது என்று நினைத்து மோட்டாரை விடாது. நிற்கும் வண்டிகளில் பலதுக்கும் காரணம் இதுதான். த்ராட்டில் வேலை செய்து பெடல் அசிஸ்ட் மட்டும் வராவிட்டால் கிராங்க் பக்கம் உள்ள காந்த வளையத்தைப் பாருங்கள். சென்சாரிலிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும், அல்லது மண் அடைத்திருக்கும். மோட்டார் உதறி உதறிக் கிளம்பினால் மோட்டாருக்குள் காந்தத்தின் நிலையை உணரும் ஹால் சென்சார் அல்லது கனெக்டரில் வளைந்த முனை. இந்த வகை மோட்டாரில் உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் சக்கரத்தை முன்னால் சுற்றினால் ஒன்றும் தெரியாது, பின்னால் சுற்ற வேண்டும். கனெக்டரைப் பிரித்த பிறகும் கடினமாக, வெட்டி வெட்டிச் சுற்றினால் பழுது மோட்டாரிலோ அதன் ஒயரிலோ. பிரித்ததும் லேசானால் கண்ட்ரோலர் எரிந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் மோட்டார் வாங்குவதைத் தடுக்கும்.

கேரியர், முழு நீள மட்கார்டு, இரட்டைக்கால் ஸ்டாண்ட், வெளிச்சமான பின்விளக்கு எல்லாம் உங்கள் விருப்பம். மட்கார்டை மட்டும் ஐப்பசிக்கு முன் போட்டுவிடுங்கள். பின்டயர் வாரியடிக்கும் தண்ணீர் நேராகக் கண்ட்ரோலர் பெட்டிக்குத்தான் போகிறது. பெட்டிக்குள் நுழையும் ஒயர்கள் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறும்படி கட்டுங்கள்; சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். கனெக்டர்களில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஈரத் துணி போதும்.

உங்கள் பாதையில் பள்ளிக்கரணை வருகிறது, அதனால் தேங்கிய தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெடலின் அச்சும் சக்கரத்தின் அச்சும் தரையிலிருந்து ஒரு அடி உயரம்தான். ஓடிவந்த மோட்டார் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் காற்று சுருங்கி, ஒயர் நுழையும் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அந்த ஒரு அடியை நெருங்கினாலே ஓட்டாதீர்கள், தள்ளவும் செய்யாதீர்கள், சுற்றிப் போங்கள். மாட்டிக்கொண்டு முங்கிவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் த்ராட்டிலைத் தொடாதீர்கள். சக்கரத்தை இறக்கி, ஒயர் நுழையும் பக்கம் கீழே பார்க்கும்படி ஃபேன் காற்றில் இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டு, பின்னால் சுற்றிப் பார்த்து, லேசாகச் சுற்றினால்தான் மறுபடி பேட்டரியை மாட்ட வேண்டும். பேட்டரியே முங்கியிருந்தால் அதைக் காயவைத்துக்கூடச் சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.